ஜார்ஜ்டவுனிலிருந்து லெதம் வரை: குடும்பத்துடன் செம்மண் சாலையில் செல்ல இயலுமா?

கேள்வி: கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தம் கயானாவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். கடலோரப் பகுதிகளை ஓரளவு சுற்றிப் பார்த்துவிட்டோம். ஆனால் இந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் கடலையொட்டிய ஒடுங்கிய நிலப்பட்டையிலேயே வாழ்கிறார்கள், நாட்டின் பெரும்பகுதியோ காடும் புல்வெளியும்தான் என்பதை அறிந்த பிறகு, உட்பகுதியைப் பார்க்காமல் இங்கிருந்து கிளம்பக் கூடாது என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் வலுத்திருக்கிறது.

ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில், தெற்கே பிரேசில் எல்லையில் உள்ள லெதம் வரை சாலை வழியாகச் சென்று வரலாம் என நினைக்கிறேன். வரைபடத்தில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் காட்டுகிறது. அதிகாலையில் புறப்பட்டால் இரவுக்குள் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. வாடகைக்குக் கிடைக்கும் சாதாரணக் கார் போதுமா? வழியில் கையெட்டூர் அருவியையும் பார்த்துவிட்டுப் போக முடியுமா? உடன் வருபவர்கள் என் மனைவி, பதினொரு வயது மகள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் 67 வயது மாமனார் ஆகியோர். மொத்தம் நான்கு நாள்கள் ஒதுக்கியிருக்கிறேன். இந்தச் சாலையில் சென்று பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: செம்புலம்

வணக்கம் நண்பரே. உங்கள் ஆர்வத்தை மனமார வரவேற்கிறேன். லெதம் சாலை, இந்நாட்டில் வாழும் எவரும் ஒருமுறையேனும் காண வேண்டிய வழி. ஆயினும் உங்கள் திட்டத்தில் மாதம், வண்டி, நாள் கணக்கு ஆகிய மூன்றையுமே மாற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மாதம். கடலோரத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெற்கே ருபுனூனிப் புல்வெளியில் ஒரே ஒரு மழைக்காலம்தான். அது மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை நீடிக்கும், சில ஆண்டுகளில் செப்டம்பரையும் தொடும். அந்த ஒரே மழைக்காலத்தில் கொட்டுகிற நீர், தட்டையான புல்வெளியில் வடிய வழியில்லாமல் ஏரிபோல் பரந்து நிற்கும். புல்வெளி தொடங்கும் இடத்திலுள்ள அனாய் கிராமத்திலிருந்து லெதம் வரையுள்ள பகுதியில் சிற்றோடைகள் பெருகிச் சாலையின் மேலேயே ஓடும் நாள்கள் உண்டு. அப்போது எந்த வண்டியும் நீர் வடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஜூலை, இந்த வெள்ளத்தின் நட்ட நடுவில் வருகிறது. பள்ளி விடுமுறைதான் தடை என்றால், ஈஸ்டர் விடுமுறையில் செல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் தரை காய்ந்து இறுகியிருக்கும். ஆனால் ஈஸ்டர் வாரத்தில் லெதமில் புகழ்பெற்ற மாட்டுப்பண்ணையாளர் விளையாட்டு விழாவான ரோடியோ நடைபெறும். காட்டுக்குதிரை அடக்குவதும் காளைச் சவாரியும் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள். தங்குமிடத்தைப் பல வாரங்களுக்கு முன்பே உறுதிசெய்யாவிட்டால் அறை கிடைக்காது.

அடுத்து வண்டி. ஜார்ஜ்டவுனிலிருந்து லிண்டன் வரையுள்ள நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு நல்ல தார்ச்சாலை. பாக்சைட் சுரங்க நகரமான லிண்டனைத் தாண்டியதும்தான் உண்மையான பயணம் தொடங்குகிறது. அங்கிருந்து மபூரா ஹில் வரையுள்ள 121 கிலோமீட்டரைத் தரமுயர்த்தும் பணி மேற்கொள்ளப்பட்டிருக்கிறது. பணி நடக்கும் இடங்களில் மாற்றுப் பாதைகளும் காத்திருப்பும் இருக்கும். முதலில் வெண்மணல் நிலம் வரும், பிறகு செம்மண். காய்ந்திருக்கும்போது செம்மண் சாலை கெட்டியாக இருந்தாலும், கனரக வண்டிகள் ஓடி ஓடி அதன் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் படிந்துவிடும். வேகமாகப் போகும் சக்கரம் சிறு மேட்டில் துள்ளி, விழும் இடத்தில் மண்ணைத் தள்ளிப் பள்ளமாக்க, அடுத்த வண்டி அந்தப் பள்ளத்தை மேலும் ஆழமாக்குவதால் உண்டாவது இது. பல மணி நேரம் அந்த அதிர்வில் ஓடும் வண்டியில் மறையாணிகள் கழன்றுகொள்ளும், மின்கல இணைப்பு தளரும், மேற்கூரையில் கட்டிய சுமை அவிழும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் அதிர்வு தணியும். மணலிலும் அது கைகொடுக்கும். மழை பெய்த உடனே செம்மண்ணின் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். மழை நின்று இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால், வடிகால் உள்ள இடங்களில் சாலை தானாகவே தேறிவிடும்; அந்தப் பொறுமை இல்லாதவர்களின் வண்டிகளைத்தான் பெரும்பாலும் சேற்றிலிருந்து இழுத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி மிகுந்த, நான்கு சக்கரங்களும் இயங்கும் பிக்-அப் அல்லது ஜீப் வகை வண்டி வேண்டும். சாதாரணக் கார்கள் வறண்ட காலத்தில் லெதம் வரை வந்து போவதை நீங்கள் காணலாம். ஆனால் அவற்றை ஓட்டுபவர்கள் ஒவ்வொரு பள்ளத்தையும் அறிந்தவர்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைக் கண்ணும் கருத்துமாகப் படியுங்கள். லிண்டனுக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது என்று நிபந்தனை இருந்தால், விபத்துக்குக் காப்பீடு கிடைக்காது. ஸ்டெப்னி டயர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் புதைந்திருக்கும் கூர்மையான கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். அதை ஒட்டுப் போட முடியாது. ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, இழுவைக் கயிறு, மண்வெட்டி, குடிநீர், தலைவிளக்கு ஆகியவையும் வேண்டும். லிண்டனில் எரிபொருளை நிரப்புங்கள். அனாய் பக்கம் கிடைக்கும் என்றாலும், தீர்ந்துபோயிருக்கும் நாள்களும் உண்டு என்பதால் தனிக் கேனில் கொஞ்சம் வைத்திருப்பதே நல்லது.

இனி நாள் கணக்கு. இந்தச் சாலையில் உங்கள் நேரத்தை முடிவுசெய்வது தொலைவு அன்று, குருபுகாரியில் ஓடும் எஸ்ஸெக்கிபோ ஆறு. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளமுடைய அந்த ஆறுதான் நாட்டின் மிகப் பெரிய ஆறு. உள்ளூரில் பாண்டூன் என்று சொல்லப்படும் மிதவையில் வண்டியை ஏற்றித்தான் அதைக் கடப்பார்கள். மிதவை பகலில் மட்டுமே இயங்கும். மாலையில் கடைசி நடையைத் தவறவிட்டால் கரையில் இரவு தங்க வேண்டியதுதான். மறுகரையில் தொடங்கும் இவோக்ராமாக் காட்டுக்குள் இரவில் வண்டி ஓட்ட அனுமதிப்பதில்லை, வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். எனவே ஒரே நாளில் லெதம் சேர்வது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, போகும்போது காட்டில் ஓர் இரவு, புல்வெளியின் தொடக்கத்தில் ஓர் இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு நாள்கள் போதா. ஏழு நாள்களாவது ஒதுக்குங்கள்.

கையெட்டூர் அருவி இந்த வழியில் இல்லை. பொடாரோ ஆறு 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் அந்த இடத்துக்குப் பெரும்பாலோர் ஜார்ஜ்டவுனை அடுத்த ஓகிள் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் சென்று அன்றே திரும்புகிறார்கள். அதை வேறொரு வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: வழித்துணை

செம்புலம் அவர்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் சொந்தமாக வண்டி ஓட்டியே ஆக வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜார்ஜ்டவுனிலிருந்து மாலையில் புறப்படும் மினிபஸ்கள் நாள்தோறும் லெதம் செல்கின்றன. இரவெல்லாம் ஓடி, மபூரா பக்கம் 58 மைல் என்றே பெயர்பெற்ற நிறுத்தத்தில் உணவுக்கும் சிறு உறக்கத்துக்கும் நின்று, விடியலில் முதல் மிதவையைப் பிடிப்பதுதான் அவற்றின் ஒழுங்கு. அந்த ஓட்டுநர்களுக்கு மழைக்குப் பின் எந்தப் பாலத்தை எந்தப் பக்கமாக அணுக வேண்டும் என்பதுகூட மனப்பாடம். இளைஞர்களுக்கு அது நல்ல வழி. மாமனாருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நெருக்கமான இருக்கையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்கியபடி உட்கார்ந்திருப்பது அவ்வயதில் பெருந்துன்பம். அத்துடன் இரவுப் பயணத்தில் காட்டை நீங்கள் பார்க்கவே முடியாது.

எனக்குச் சரியெனப் படுவது இதுதான்: ருபுனூனியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரை அவருடைய வண்டியோடு அமர்த்திக்கொள்ளுங்கள். கிராமத் தங்குமிடங்களில் கேட்டால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் அந்தப் பகுதியிலேயே தங்கும், உங்களுக்கும் வழியெங்கும் பேசத் தெரிந்த ஒருவர் துணையாக இருப்பார். மாமனாரை மட்டும் ஓகிளிலிருந்து லெதமுக்கு விமானத்தில் வரவழைத்துக்கொள்வதும் நல்ல யோசனையே. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும், அவ்வளவுதான். சிறிய விமானம் என்பதால் சுமைக்குக் கடுமையான எடை வரம்பு உண்டு; அவருடைய பெட்டியை நீங்கள் வண்டியில் எடுத்துச் செல்லுங்கள்.

பதில்: நீர்வழி

எப்படிப் போவது என்பதை நண்பர்கள் விளக்கிவிட்டார்கள். எங்கே நின்று எதைப் பார்ப்பது என்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் லெதம் ஒரு சிறிய எல்லை வணிக ஊர். அங்கே போய்ச் சேர்வதையே இலக்காக வைத்துக்கொண்டு வழியை விழுங்கித் தள்ளிவிட்டால் இந்தப் பயணத்தின் பொருளே போய்விடும்.

குருபுகாரியைக் கடந்ததும் சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் இவோக்ராமாக் காட்டின் ஊடாகச் செல்கிறது. 1989ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டில், அன்றைய கயானா அதிபர் டெஸ்மண்ட் ஹோய்ட் இந்தக் காட்டை உலகப் பயன்பாட்டுக்காக ஒதுக்க முன்வந்தார். 1996இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 3,71,000 ஹெக்டேர் பரப்பு இவோக்ராமாப் பன்னாட்டு மையத்தின் பொறுப்பில் வந்தது. ஒரு பாதியில் காட்டை முழுமையாகப் பாதுகாப்பது, மறுபாதியில் மரம் வெட்டுவதையும் சுற்றுலாவையும் காடு அழியாத அளவோடு நடத்திக் காட்டுவது என்பதே அதன் நோக்கம். இங்கே மெதுவாக ஓட்டுங்கள். சாலையின் குறுக்கே ஜாகுவார் நடந்து போவதைக் கண்டவர்கள் பலர் உண்டு. விடியற்காலையும் மாலையும் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் நின்றால் காடு உங்கள் பக்கம் வரும். தரையிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டப்பட்ட தொங்குபாலத்தில் உங்கள் மகள் நடந்து பார்க்கட்டும். மரங்களின் உச்சியில் வாழும் பறவைகளைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல் கண்ணுக்கு நேரே பார்க்க முடிவது அங்கேதான்.

காட்டை விட்டு வெளியேறும் இடத்தில் சுராமா என்ற மகூஷிப் பழங்குடி மக்களின் கிராமம் இருக்கிறது. கிராம மக்களே கூடி நடத்தும் தங்குமிடம் அங்கே உண்டு. அதில் இரண்டு இரவுகளாவது தங்குங்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். வழிகாட்டி, சமையல், படகு, கைவினை என எல்லா வேலையும் ஊராருடையது. கழுகு இனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான ஹார்ப்பி கழுகின் கூடு அருகில் இருந்தால் அழைத்துச் சென்று காட்டுவார்கள். அனாயை அடுத்த ஆற்றுத்துறையிலிருந்து படகில் ரேவா கிராமத்துக்கும் செல்லலாம். உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்றான அரபைமாவை அந்த மக்கள் வேட்டையாடுவதை நிறுத்திவிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். பழங்குடி மக்களுக்கான 2006ஆம் ஆண்டின் அமெரிந்தியர் சட்டப்படி, பட்டா பெற்ற கிராம நிலத்துக்குள் வெளியார் நுழைய அந்தக் கிராமக் குழுவின் அனுமதி வேண்டும். தங்குமிடத்தில் முன்பதிவு செய்யும்போதே அவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சாலையோரத்தில் அழகாகத் தெரிகிறது என்று கண்ட கிராமத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். முதலில் தொஷாவோ என்று அழைக்கப்படும் ஊர்த்தலைவரைச் சந்தித்துக் கேளுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள். இவை வெறும் மரியாதைகள் அல்ல. தங்கள் நிலத்தின்மீது அந்த மக்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமையை மதிப்பது.

சுராமாவில் உங்கள் மனைவியும் மகளும் மரவள்ளிக்கிழங்கு வேலை செய்யும் கொட்டகைக்குப் போய்ப் பார்க்கட்டும். நாம் வேகவைத்துத் தின்னும் இனிப்பு மரவள்ளி அன்று அது. சயனைடு நஞ்சு மிகுந்த கசப்பு மரவள்ளி. அதைத் துருவி, மடாப்பி எனப்படும் நீண்ட பின்னல் குழலில் திணித்து, இழுத்துப் பிழிந்து நஞ்சுச் சாற்றை வடித்துவிட்டு, எஞ்சிய மாவை வறுத்து ஃபரீன் என்ற குருணையாகவும் பெரிய வட்டமான ரொட்டியாகவும் ஆக்குகிறார்கள். வடித்த சாற்றையும் வீணாக்குவதில்லை. நஞ்சு நீங்கும்வரை நெடுநேரம் கொதிக்கவைத்துக் காசரீப் என்ற கருஞ்சாறாகக் காய்ச்சி எடுக்கிறார்கள். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இந்த முறையைக் கண்டடைந்த அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சுராமாவைத் தாண்டி அனாய் வந்ததும் காடு சட்டென்று முடிந்து, வானமும் புல்லும் மட்டுமே எஞ்சும் ருபுனூனி தொடங்கும். வலப்புறம் பகரைமா மலைகள், தெற்கே கனுகு மலைகள், நடுவே ஆளுயரக் கறையான் புற்றுகள். அந்தப் புற்றுகளை நம்பி வாழும் பேரெறும்புத்தின்னியை அதிகாலையில் காணலாம். இந்த நிலத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு சென்றால் நீங்கள் பார்ப்பது இரட்டிப்பாகும். ருபுனூனி ஆறு எஸ்ஸெக்கிபோவில் கலந்து அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. சிறிது தொலைவில் எல்லையாக ஓடும் டகுட்டு ஆறோ ரியோ பிராங்கோ, ரியோ நீக்ரோ வழியாக அமேசானுக்குப் போகிறது. வறண்ட காலத்தில் இவை தனித்தனி ஆற்றுப்படுகைகள். மழைக்கால வெள்ளத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட தட்டை நிலம் மூழ்கி இரு நீரும் ஒன்றாகிவிடும். மீன்கள் ஒரு படுகையிலிருந்து மற்றொன்றுக்கு நீந்திச் செல்லும். பொன்னகரமான எல் டொராடோவின் கரையில் இருந்ததாக ஐரோப்பியர்கள் தங்கள் வரைபடங்களில் வரைந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தேடிய பரீமா ஏரி, ஆண்டுதோறும் தோன்றி மறையும் இந்த வெள்ளக்காடாகவே இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. செம்புலம் அவர்கள் ஜூலையில் வேண்டாம் என்று சொன்ன அதே வெள்ளம்தான் இந்த நிலத்துக்கு உயிர் கொடுக்கிறது.

கேள்வி கேட்டவர்: கரையோரம்

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். பயணத்தை ஈஸ்டர் விடுமுறைக்கு மாற்றிவிட்டோம். ருபுனூனி ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்வது என்றும், இவோக்ராமாவில் ஓர் இரவும் சுராமாவில் இரண்டு இரவுகளும் தங்குவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். மாமனார் விமானத்தில் வந்து லெதமில் எங்களோடு சேர்ந்துகொள்வார். அவருக்குக் காளைச் சவாரியைப் பார்க்க வேண்டுமாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். லெதமிலிருந்து எல்லையைக் கடந்து பிரேசிலின் போவா விஸ்டா நகரைப் பார்த்துவர முடியுமா? நாங்கள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். மற்றொன்று, மலேரியா பற்றியும் பூச்சிக்கடி பற்றியும் பலவாறாகச் சொல்கிறார்கள். மாமனாருக்கும் மகளுக்கும் எந்த அளவு முன்னெச்சரிக்கை தேவை?

பதில்: செம்புலம்

நல்ல முடிவு. எல்லையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லெதமையும் பிரேசிலின் போன்ஃபிம் ஊரையும் இணைக்கும் டகுட்டுப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. கயானாவில் வண்டிகள் இடப்புறமும் பிரேசிலில் வலப்புறமும் ஓடுவதால், பாலத்தின் கயானாப் பக்கத்தில் ஒரு பாதை மற்றொன்றின் அடியில் நுழைந்து பக்கம் மாறும்படி கட்டியிருக்கிறார்கள். கவனம் சிதறாமல் குறிகளைப் பின்பற்றினால் தானாகவே சரியான பக்கத்தில் இறங்கிவிடுவீர்கள். போன்ஃபிமிலிருந்து போவா விஸ்டா வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டரும் தார்ச்சாலை.

இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பிரேசில் விசா தேவை. அதை எல்லையில் வழங்க மாட்டார்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள பிரேசில் தூதரகத்தில் முன்கூட்டியே பெற வேண்டும். திரும்பி வரும்போது கயானாவுக்குள் மீண்டும் நுழையும் உரிமை உங்கள் பணி அனுமதியில் இருக்கிறதா என்பதையும் உங்கள் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அமர்த்திய வண்டி எல்லை கடக்க ஆவணம் பெற்றதா என்பதையும் ஓட்டுநரிடம் கேளுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் போவா விஸ்டாவை விட்டுவிட்டு, அந்த ஒரு நாளைப் புல்வெளிக்கே கொடுங்கள் என்பது என் கருத்து. லெதமில் வங்கியும் பணம் எடுக்கும் இயந்திரமும் உண்டு. ஆனால் விழாக் கூட்டத்தில் பணம் தீர்ந்துபோகக்கூடும். கயானா டாலரைச் சிறிய தாள்களாகவே கொண்டு செல்லுங்கள், ஏனெனில் கிராமக் கடையில் 5,000 டாலர் தாளுக்குச் சில்லறை கிடைப்பது கடினம். வழியில் காவல் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள்; பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள்.

பதில்: மருந்துப்பெட்டி

நான் கயானாவின் உட்பகுதியில் செவிலியாகப் பணியாற்றியவள். உங்கள் இரண்டாவது ஐயத்துக்குப் பொதுவான விளக்கம் தருகிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

கடலோரத்தில் மலேரியா அரிது. உட்பகுதியில் அது உண்மையாகவே இருக்கிறது. கொடிய வகையான ஃபால்சிபாரமும், மாதங்கள் கழித்துத் திரும்பி வரக்கூடிய வைவாக்ஸும் இரண்டுமே உண்டு. தடுப்பு மாத்திரைகளைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்கித் திரும்பிய பிறகும் தொடர வேண்டும் என்பதால், குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மாமனார் உட்கொள்ளும் இரத்த அழுத்த மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். சில தடுப்பு மாத்திரைகள் இதய மருந்துகளோடு ஒத்துப்போகா. இங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு மாலையிலும் இரவிலும் கடிப்பது. அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் பூச்சு, உறங்கும்போது வலை ஆகிய மூன்றையும் மாத்திரைக்கு மாற்றாகக் கருதாமல் அதோடு சேர்த்தே கடைப்பிடியுங்கள். திரும்பிய பின் பல வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு நலவாழ்வு நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். உட்பகுதிக்குச் சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கது. கயானாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் அதைக் காட்ட வேண்டும், இல்லையேல் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கக்கூடும். மாமனார் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதன்முறையாக அந்த ஊசி போடும்போது கடுமையான எதிர்விளைவு ஏற்படும் வாய்ப்பு, மிக அரிதே ஆயினும், இளையவர்களைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே அவருக்கு மட்டும் நன்மை தீமைகளை மருத்துவரோடு ஆற அமரப் பேசி முடிவெடுங்கள்.

மலேரியாவைப் பரப்பாவிட்டாலும் உங்கள் மகளை அழவைக்கக்கூடியவை இரண்டு பூச்சிகள். ஆற்றோரங்களில் பகலில் கடிக்கும் கபூரா ஈ ஒன்று. கடித்த இடத்தில் சிறு இரத்தப் புள்ளி தெரியும், நாள் கணக்கில் அரிக்கும். புல்லில் இருந்து ஏறும் பெட்ரூஜ் என்னும் கண்ணுக்குத் தெரியாச் சிவப்பு உண்ணி மற்றொன்று. இடுப்புப் பட்டைக்கும் காலுறைக்கும் அடியில் வரிசையாகக் கடிக்கும். கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடப்பதும், தங்குமிடம் திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணியை மாற்றுவதும் போதுமான பாதுகாப்பு. நகத்தால் சொறிந்தால் இந்த வெப்பத்தில் புண் சீழ் பிடிக்கும் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காலணியை அணியும் முன் உதறுவதும், இரவில் விளக்கின்றி வெளியே காலெடுத்து வைக்காதிருப்பதும் பாம்புக்கான முன்னெச்சரிக்கை. லபாரியா என்னும் கொடிய விரியன் இந்தப் பகுதியில் உண்டு; அது பெரும்பாலும் இரவில்தான் நடமாடும்.

லிண்டனிலும் லெதமிலும் மருத்துவமனை உண்டு. அனாயிலும் சிறிய மருத்துவமனையும் விமான ஓடுபாதையும் இருக்கின்றன. இடைப்பட்ட காட்டுப் பகுதியில் கைபேசி இணைப்பு பெரும்பாலும் கிடைக்காது. அதனால் எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள், அடுத்த இடத்துக்கு எப்போது சேர வேண்டும் என்பதை ஜார்ஜ்டவுனில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மாமனாரின் மாத்திரைகளை இரண்டு பொட்டலங்களாகப் பிரித்து ஒன்றை அவர் கைப்பையிலும் மற்றொன்றை உங்கள் வண்டியிலும் வையுங்கள். வானிலையால் விமானம் ஒரு நாள் தள்ளிப்போவது இங்கே இயல்பான நிகழ்வு.

பதில்: வழித்துணை

ஒரு சிறு சேர்க்கை. ஈஸ்டர் வாரத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிகள் மிகுதியாக இருக்கும் என்பதால் குருபுகாரித் துறையில் நீண்ட வரிசை நிற்கும். புனித வியாழன் அன்று புறப்படாமல் அந்த வாரத்தின் தொடக்கத்திலேயே கிளம்பிவிடுங்கள்; ஜார்ஜ்டவுனிலிருந்து விடியும் முன் புறப்பட்டால் பிற்பகலில் துறையை அடைந்து, மிதவை நிற்பதற்கு முன் ஆற்றைக் கடந்து, மறுகரையிலேயே இருக்கும் இவோக்ராமாத் தங்குமிடத்தில் வெளிச்சத்தோடு இறங்கிவிடலாம். திரும்பும்போது திங்கள்கிழமை எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். நீங்கள் ஒரு நாள் தாமதித்து வாருங்கள்.